மல்லாக்கக் கட்டில்

போன மாதம் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பரீட்சைக்குப் படிக்கும் பெண் ஒருத்தி, தம்பிக்குக் கழுத்து வீங்கியிருக்கிறது, இரண்டு நாள் வரமாட்டேன் என்று லீவு கேட்டாள். "பொன்னுக்கு வீங்கிதாங்க டீச்சர்" என்று வியாதிக்குப் பேரையும் அவளே வைத்துவிட்டாள். "வாயத் திறக்கச் சொல்லி உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். "லீவெல்லாம் அப்புறம். இன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் அத்தனையும் நின்றுபோயின.

அந்தப் பையனுக்கு வந்தது நிஜமாகவே பொன்னுக்கு வீங்கிதான். அடுத்த வாரம் அவள் தோழியின் காதில் ஏதோ சொல்லி, இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் கோமளா மாமி வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். கணவருக்குத் திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. எனக்கு அப்போதும் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற வேலைதான். ஒரே பெண் மஞ்சு. ஐந்து வயது, உட்கார்ந்த இடத்தில் உட்காராத பிள்ளை. அவளை அடக்கி வைப்பதற்குள் எனக்கு ஆயுசு பாதி போய்விடும் என்று வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், சாதம் வேண்டாம் என்று சுருண்டு படுத்தாள். உடம்பு லேசாகத்தான் சுட்டது. சனிக்கிழமை காலையில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம். கொல்லையிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார். "பொன்னுக்கு வீங்கிடி இது. கழுத்துல பொன்னைப் போடு, அமுங்கிடும்" என்றார்.

மாமி சொல்லித்தான் செய்தேன் என்றால் அது பாதிப் பொய். எனக்கே அப்படித்தான் தோன்றியிருந்தது. எனக்குச் சின்ன வயதில் வீங்கியபோது என் அம்மாவும் அதைத்தான் செய்தாள். வியாதியின் பேரிலேயே மருந்து இருக்கும்போது டாக்டர் எதற்கு? என் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி மஞ்சு கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டேன். ஸ்ரீரங்கத்தில் நாமக்கட்டிக்குப் பஞ்சமில்லை. மாமி கொடுத்ததைக் குழைத்து வீக்கத்தின்மேல் வெள்ளையாகப் பற்றுப் போட்டேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, நான் கல்யாணப் பெண் என்றாள் மஞ்சு. குரல் கம்மியிருந்தது.

ஞாயிறும் திங்களும் அப்படியே போயின. அவள் வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. அழுகலில் தித்திப்புக் கலந்த மாதிரி. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். வாயைத் திறக்க வைத்து உள்ளே பார்க்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. டைப் அடிக்கும்போது ஒரு எழுத்து தப்பினால் பிள்ளைகளைப் பிடிபிடியென்று பிடிக்கிறவள் நான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மூச்சு இழுக்கும்போது கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. என் கணவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை. தெருக்கோடி டாக்டர் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். உள்நாக்கின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஆறின பாலின் ஆடை போல ஒரு சவ்வு. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, "இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. தொண்டை அடைப்பான். டிப்தீரியா. முத்தடுப்பு ஊசி மூணும் போட்டீங்களா?" என்றார்.

இரண்டு போட்டிருந்தோம். இரண்டாவதற்குக் காய்ச்சல் வந்து பிள்ளை துவண்டு போனதால் மூன்றாவதைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதையும் மறந்துபோனேன்.

காவிரிப் பாலத்தில் டாக்ஸி போகும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் சொன்னேன், "என் மேல கோவமா இருந்தா திட்டிடுங்க." அவர், "நானும் வீட்லதானே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

தொற்றுநோய் ஆஸ்பத்திரி ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதாம். ஓட்டுக் கூரை, உயரமான ஜன்னல்கள், வராந்தா முழுக்கக் கம்பி வலை. ஒரு வார்டின் காற்று இன்னொரு வார்டுக்குப் போகாதபடி கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். பிள்ளையோடு ஒரே ஒரு ஆள்தான் உள்ளே இருக்கலாம். உள்ளே போனவர் பிள்ளை வீடு திரும்பும் வரை வெளியே வரக்கூடாது. உள்ளே போன பாத்திரமும் அப்படித்தான். ஆகவே எனக்கு இலையில் கட்டித்தான் சாப்பாடு வந்தது. என் நாத்தனார் சரசு அந்த இருபத்தாறு நாளும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. சாதத்துக்கு நடுவில் குழித்து நெய் விட்டுத்தான் கட்டுவாள். அதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் சரியான பேச்சுவார்த்தைகூடக் கிடையாது.

ரோஸி சிஸ்டர்தான் மஞ்சுவை வாங்கிக்கொண்டார். நாமக்கட்டிப் பற்றைப் பஞ்சால் துடைத்தார். சங்கிலியைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார். "எத்தனை நாளா கழுத்துல இருக்கு?"

"சனிக்கிழமைலேர்ந்து."

"இங்க வர்ற பாதிப் பேர் இப்படித்தாம்மா வர்றாங்க. புள்ளைக்குக் கழுத்து வீங்கினா நீங்க பொன்னத் தேடிக்கிட்டு ஓடுறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. சங்கிலியை மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்து, ஜன்னல் வழியாக வெளியே நின்ற என் கணவரிடம் கொடுத்துவிட்டார்.

பெரிய டாக்டர் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கிருமி தொண்டையில்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் அது கக்குகிற விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் ஓடும். பென்சிலின் கிருமியைக் கொல்லும், விஷத்தைத் தொடாது. விஷத்தை முறிக்கத் தனி மருந்து. அதைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். அந்த மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே நெஞ்சிலோ நரம்பிலோ போய் ஒட்டிக்கொண்டதைப் பிடிக்காது. அதனால் முதல் நாளே போட்டால் ஒரு கதை, நாலாம் நாள் போட்டால் வேறு கதை.

"நாங்க நாலாம் நாள் வந்திருக்கோம்" என்றேன்.

"வந்துட்டீங்கல்ல" என்றார் அவர்.

முதல் இரண்டு நாள் மஞ்சுவின் தலைமாட்டில் துண்டு போட்டு மூடிய தட்டு ஒன்று இருந்தது. மூச்சு அடைத்தால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியவை அதில் இருந்தன. நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சவ்வு ஓரத்தில் உரிய ஆரம்பித்தது. ரோஸி சிஸ்டர் தட்டை எடுத்துப்போனார். நான் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். பிழைத்துவிட்டாள் என்றுதான் அழுதேன்.

ஆனால் இந்த வியாதியின் வில்லங்கமே அதற்கப்புறம்தான். தொண்டை சரியாகிவிடும், காய்ச்சல் விட்டுவிடும், பிள்ளை விளையாடப் போகிறேன் என்று நிற்கும். அந்தச் சமயத்தில்தான் நெஞ்சுக்குப் போன விஷம் வேலையைக் காட்டும். இதயத்தின் தசை நைந்துபோய் இருக்குமாம். பிள்ளை சட்டென்று எழுந்து உட்கார்ந்தாலே அது நின்றுவிடலாம். "மூணு வாரம் மல்லாக்கப் படுத்திருக்கணும். தலையணை கிடையாது. தலையத் தூக்கக் கூடாது. சாப்பாடு, தண்ணி, எல்லாம் படுத்தபடியே. இனிமே மருந்து நாங்க இல்லம்மா, நீங்கதான்" என்றார் டாக்டர். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அந்த வார்டில் இதற்குப் பேரே மல்லாக்கக் கட்டில்தான்.

உட்கார்ந்த இடத்தில் உட்காராதவளைப் படுத்த இடத்தில் கிடத்த வேண்டும். கெஞ்சினேன், மிரட்டினேன், கதை சொன்னேன். உனக்குக் குதிரை மருந்து போட்டிருக்கிறது, எழுந்தால் கால் நாலாகிவிடும் என்றேன். அவள் சந்தோஷமாக எழப் பார்த்தாள். அந்தப் பொய்யை உடனே வாபஸ் வாங்கினேன். வயிற்றின்மேல் என் விரல்களை வைத்து ஏ, எஸ், டி, எஃப் என்று டைப் அடித்துக் காட்டினேன். கூச்சத்தில் நெளிந்ததால் அதையும் நிறுத்தினேன். ஒருநாள் தோளைப் பிடித்து அழுத்தியபோது, "நீ கெட்டம்மா" என்றாள். அந்த வயசுக்கு அதைவிடப் பெரிய வசவு அவளுக்குத் தெரியாது.

அவள் அப்பா தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் வருவார். அப்பாவைப் பார்த்தால் துள்ளி எழுந்துவிடுவாள் என்று ரோஸி சிஸ்டர் எச்சரித்திருந்தார். அதனால் அவர் ஜன்னலுக்கு வெளியே, மஞ்சுவின் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து நிற்பார். அங்கிருந்து அவருக்கு அவளுடைய பாதங்கள் மட்டும்தான் தெரியும். கால் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் எல்லோருக்கும் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தார்களாம். நகராட்சி ஆட்கள் வந்து மருந்தடித்தபோது, மடி ஆசாரம் என்று என்னைக்கூட வாசற்படியோடு நிறுத்துகிற கோமளா மாமி, சமையலறை, பெருமாள் அறை எல்லாவற்றையும் தானே திறந்துவிட்டாராம். "குழந்தைக்கு ஆகணும்னா எங்க வேணா அடிங்கோ" என்றாராம். என் கணவர் வந்து சொன்னபோது மாமி மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. மிச்சம் என் மேல் திரும்பியது.

பக்கத்துக் கட்டிலில் முருகேசன் என்ற பையன். ஏழு வயது. ஜீயபுரத்துக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. எங்களுக்கு நாலு நாள் முன்னால் வந்தவர்கள். அம்மா செல்லம்மாள் என்னைவிடச் சின்னவள். என்னை டீச்சரக்கா என்பாள். முருகேசனும் மல்லாக்கக் கட்டில்தான். இரண்டு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கூரையைப் பார்த்தபடியே பேசிக்கொள்வார்கள். எத்தனை ஓடு, எத்தனை பல்லி என்று எண்ணுவார்கள். முருகேசன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிச் சொல்லி மஞ்சுவை அழவைப்பான்.

இரண்டாவது வாரத்தில் மஞ்சுவுக்கும் அவனுக்கும் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. மேலண்ணத்தின் நரம்பு தளர்ந்திருக்கிறது, தானே சரியாகும், கெட்டியாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். கேழ்வரகுக் கூழைப் பாலாடையில் எடுத்து, கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல ஊற்றினோம்.

செல்லம்மாளுக்கு அது பிடிக்கவே இல்லை. ஒருநாள் என் காதோரம் வந்து சொன்னாள், "டீச்சரக்கா, மல்லாக்கப் போட்டு வாயில பால் ஊத்துறது எங்க ஊர்ல யாருக்குத் தெரியுமா? சாகப் போற ஆளுக்கு. எம் புள்ளைக்கு நானே அதச் செய்யுறேனேக்கா."

"டாக்டர் சொல்றதுதானே செல்லம்மா" என்றேன். அடுத்த வேளை மஞ்சுவுக்கு ஊற்றும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினேன்.

ஒருநாள் நடுப்பகல். மஞ்சு தூங்கிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கோடி வார்டுக்குப் போயிருந்தார். செல்லம்மாள் சுற்றிலும் பார்த்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, முருகேசனின் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். கிண்ணத்திலிருந்து பிசைந்த சாதத்தை எடுத்து ஊட்டினாள். என்னைப் பார்த்து, சொல்லிவிடாதே என்பதுபோலச் சிரித்தாள்.

நான் பார்த்தேன். எனக்கு விதி தெரியும். அவளுக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் சொன்னதை அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னதே நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாய்ச் சோறுதானே, பிள்ளை ஆசையாகச் சாப்பிடுகிறது என்று நினைத்தேன். பொறாமையும் பட்டேன். இவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லையே, என் பிள்ளையை நான் மடியில் போட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

மூன்றாவது வாய் ஊட்டும்போது முருகேசன் தலை சாய்ந்தது. தூங்குகிறான் என்றுதான் முதலில் இருவருமே நினைத்தோம்.

டாக்டர் ஓடிவந்தார். மறைப்புத் திரை வைத்தார்கள். ஊசி, நெஞ்சை அழுத்துவது எல்லாம் நடந்தது. அரைமணி நேரத்துக்குப் பிறகு அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். செல்லம்மாள் வாயைத் திறந்ததும் ரோஸி சிஸ்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இங்க அழாதம்மா. மத்த புள்ளைங்க பயந்து எந்திரிச்சிடும். வெளிய போய் எவ்ளோ வேணா அழு" என்றார். செல்லம்மாள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை செத்தும் சத்தமில்லாமல் வார்டைக் கடந்து போனாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. வராந்தாவைத் தாண்டிய பிறகுதான் அந்த ஓலம் கேட்டது.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன், "உக்கார வச்சதாலதானா சார்?" அவர் ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தார். "அவன் நாடி ரெண்டு நாளாவே சரியில்லை. படுத்திருந்தாலும் நின்னிருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாது. அந்தம்மாகிட்டயும் இதத்தான் சொன்னேன்" என்றார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததை அவரிடம் சொன்னேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் தப்புக்கு மூன்று நாளோடு போயிற்று, அவள் தப்புக்குப் பிள்ளையே போயிற்று. இரண்டும் ஒரே மாதிரித் தப்புதான். பிள்ளைக்கு நல்லது என்று அம்மாக்கள் காலங்காலமாகச் செய்வதைத்தான் இருவரும் செய்தோம். எந்தக் கணக்கில் இப்படிப் பிரித்தார்கள் என்று நானும் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

முருகேசன் போன அன்று சாயங்காலம் அவர்கள் புறப்படும்போது செல்லம்மாள் கம்பி வலைக்கு வெளியே வந்து நின்றாள். குரல் போயிருந்தது. என்னைத் திட்டப்போகிறாள், ஏன் தடுக்கவில்லை என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீச்சரக்கா, உம் புள்ளைய எந்திரிக்க விட்டுடாதக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கணவன் கையைப் பிடித்து அழைத்துப்போனான்.

மஞ்சு விழித்ததும் கூரையைப் பார்த்து, "முருகேசா, எத்தினி பல்லி?" என்றாள் மூக்கால்.

"அவன் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். வேறு என்ன சொல்வது? அழுதாலும் அதிர்ந்தாலும் அவள் நெஞ்சு தாங்காது. அதற்கப்புறம் பதினொரு நாள் அவள் அந்தக் காலிக் கட்டிலோடு பேசிக்கொண்டிருந்தாள். "பேசாத, கேட்டுக்க மட்டும் செய்யி" என்று அவனுக்கு அனுமதியும் கொடுத்தாள். பல்லிகளை அவனுக்கும் சேர்த்து எண்ணி, அவன் பங்குக்கு ஒன்றைக் கூட்டியும் சொன்னாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டேன். அவளைத் தலை தூக்க விடவில்லை. கெட்டம்மா என்றால் சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஈ.சி.ஜி. மெஷின் கொண்டுவந்து நெஞ்சின் துடிப்பைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். முதலில் செங்கல்லை எடுத்தார்கள், பிறகு ஒரு தலையணை வைத்தார்கள். இருபத்தைந்தாம் நாள் காலையில் டாக்டர் மஞ்சுவின் நாடியைப் பிடித்துவிட்டு, "உக்கார வைங்கம்மா" என்றார்.

நான் அசையவில்லை. மறுபடியும் சொன்னார். அவள் தோளுக்குக் கீழே கையைக் கொடுக்க வேண்டும். கையைக் கொண்டுபோனேன். செல்லம்மாளின் கை அப்படித்தான் போயிற்று. என்னால் முடியவில்லை. "நாளைக்கு உக்காரட்டுமே சார்" என்றேன்.

"நாளைக்கும் இதத்தான் சொல்வீங்க" என்றார் அவர்.

"நான் தூக்கட்டுமா?" என்றார் ரோஸி சிஸ்டர். வேண்டாம் என்று தலையாட்டினேன். மஞ்சுதான் பொறுமையிழந்து என் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். நான் நிமிர்ந்தேன், அவளும் கூடவே வந்துவிட்டாள். தலை தள்ளாடியது. முதுகில் என் கை இருந்தது. அந்தக் கையில் அவள் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூலையில் நின்றிருந்த அவள் அப்பா அன்றைக்குத்தான் முன்னால் வந்து முகத்தைக் காட்டினார்.

மஞ்சு அவரைப் பார்க்கவில்லை. திரும்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். விரித்த விரிப்பு கசங்காமல் இருந்தது. அவள் முகம் சுருங்கியது.

"அவன் எனக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டானாம்மா?" என்றாள்.

"ஆமாடி" என்றேன்.